டீசல் காருக்கு எந்த இன்ஜின் ஆயில்? கேனைப் படிப்பது எப்படி

கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஒரு ஆயில் கடைக்குப் போய் "டீசல் வண்டிக்கு ஆயில் குடுங்கணா" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது 15டபிள்யூ-40 கேன்தான். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சென்னை–பெங்களூரு சாலையும் காஷ்மீர்–கன்னியாகுமரி சாலையும் சந்திக்கிற பக்கம் இது. லாரி, டிப்பர், டிராக்டர், ஜேசிபி என்று அவர் கடைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை அந்த ஆயிலில்தான் ஓடுகின்றன. பர்கூர் பக்கம் கிரானைட் ஏற்றுகிற லாரிக்குப் பொருத்தமான ஆயில், 2021-ல் வாங்கிய உங்கள் டீசல் காருக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி. பல கார்களுக்குப் பொருந்தாது. சில கார்களில் பெரிய செலவே வைத்துவிடும்.

ஆயில் வாங்கும்போது நம் ஊரில் முதலில் கேட்பது "எந்த கம்பெனி?" அடுத்தது "நல்லா கெட்டியா இருக்குமா?" என் கணக்கில் இந்த இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை. வண்டி எந்தப் புகை மாசு விதிப்படி செய்தது (பிஎஸ்-4-ஆ பிஎஸ்-6-ஆ), வண்டியோடு வந்த கையேட்டில் என்ன தரக்குறியீடு போட்டிருக்கிறது, அதற்கப்புறம் என்ன கிரேடு என்ற வரிசையில் போனால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். கம்பெனிப் பெயர் அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.

இதையெல்லாம் கேனிலிருந்தே படித்துவிடலாம். அதற்கு முன் ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு பார்வை. உராய்வைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதோடு, தண்ணீர் போய்ச் சேர முடியாத பிஸ்டன் அடிப்பக்கம், பேரிங் போன்ற இடங்களிலிருந்து சூட்டை எடுத்து வருகிறது. டீசல் எரியும்போது உண்டாகும் கரியைத் தனக்குள் வாங்கி, அது ஓரிடத்தில் கட்டி தட்டாமல் மிதக்க வைத்திருக்கிறது. இன்றைய டீசல் கார் எல்லாவற்றிலும், புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உண்டு. அதன் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அத்தனை வேகத்தில் சுற்றுகிற அச்சைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம்தான்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன

5டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று கேனில் பெரிதாக அச்சடித்திருப்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த கிரேடு. ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே இது சொல்லும். தரத்தைச் சொல்லாது. ஒரே 15டபிள்யூ-40 கிரேடில் சுமாரான ஆயிலும் உண்டு, அருமையான ஆயிலும் உண்டு.

ஆயிலை வெல்லப்பாகு போல வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் ஓடும், ஆற ஆற இழுக்கும். அதனால் ஒரே ஒரு எண்ணால் அதன் கெட்டித்தன்மையைச் சொல்லிவிட முடியாது. குளிரில் எப்படி, சூட்டில் எப்படி என்று இரண்டு எண்கள் வேண்டியிருக்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்று காட்டுகிறது. எண் குறைந்தால் அதிகமாக இளகி ஓடும். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் வைத்து, இன்ஜின் சுற்ற முடிகிற அளவு இளக்கம் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். 15டபிள்யூ-க்கு அந்தச் சோதனை மைனஸ் 20-ல்.

தளியை 'லிட்டில் இங்கிலாந்து' என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கமும் மார்கழியில் நன்றாகவே குளிரும். இருந்தாலும் மைனஸ் 20 எல்லாம் நமக்குக் கதைதான். அப்படியானால் முதல் எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாமா? வேண்டும். இன்ஜினுக்கு 20 டிகிரியே குளிர்தான், ஏனென்றால் அது வேலை செய்யும் சூடு 90-க்கு மேல். 40 டிகிரியில் அளந்தால் வழக்கமான 15டபிள்யூ-40 ஆயிலின் பாகுநிலை 110 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) பக்கம் இருக்கும். 5டபிள்யூ-30 ஆயில் 70-ஐ ஒட்டி இருக்கும். காலையில் சாவி திருப்பியதும் ஆயில் பம்ப் அதைக் கீழேயிருந்து உறிஞ்சி மேலே கேம்ஷாஃப்டுக்கும் டர்போவுக்கும் அனுப்ப வேண்டும். இளகின ஆயில் முன்னால் போய்ச் சேரும். தேய்மானம் அதிகம் நடப்பது இந்தத் தொடக்க நேரத்தில்தான். ஸ்டார்ட் ஆன உடனே ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

டபிள்யூ-க்குப் பின்னால் இருக்கும் எண், இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்கிறது. 100 டிகிரியில் அளப்பார்கள். 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் வந்தால் அது 30. 12.5-லிருந்து 16.3 வரை போனால் 40. அதற்கு மேலே 50. இது போக 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்குகிற நிலையில் படலம் தாக்குப்பிடிக்கிறதா என்று தனியாக ஒரு சோதனையும் உண்டு. மலை ஏறும் வண்டிக்கு உண்மையில் உதவுவது இந்தக் கடைசிச் சோதனைதான், ஆனால் அதன் எண்ணைக் கேனில் அச்சடிக்க மாட்டார்கள். தரக்குறியீட்டுக்குள் அது ஒளிந்திருக்கிறது. கீழே வருகிறேன்.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி"

இதைச் சொல்லாத ஒருவரைப் பார்ப்பது கடினம். சித்திரை வெயில், தொப்பூர் மேடு, வத்தல்மலை வளைவுகள் என்று வரிசையாகக் காரணம் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் இன்ஜினுக்குள் வெயில் நேரடியாகப் போவதில்லை. அங்கே சூட்டைக் கட்டுப்படுத்துவது கூலண்ட்டும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும். கூலண்ட் 80, 90 டிகிரிக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்பும். வெளியே ஜனவரி மாத ஓசூர் காலையாக இருந்தாலும், மே மாதத்து தர்மபுரி மத்தியானமாக இருந்தாலும் கூலண்ட் அந்தச் சூட்டை ஒட்டியே நிற்கும். ஆயில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 100-ஐ ஒட்டி ஓடும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, சேலம் பக்கமிருந்து தொப்பூர் மேட்டில் ஏறினால் இன்னும் கூடும். அந்தக் கூடுதலையும் கணக்கில் வைத்துத்தான் கார் கம்பெனி ஆயில் கிரேடை முடிவு செய்திருக்கும்.

தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் போட்டால் பம்ப் அதைத் தள்ளவே கூடுதல் சக்தி செலவாகும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அதைவிட முக்கியம், பேரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியும், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் சின்னத் துளைகளும் குறிப்பிட்ட கெட்டித்தன்மைக்காகவே செய்யப்பட்டவை. ஸ்விஃப்ட், டிசையர், டாடா விஸ்டா என்று நம் சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகிற ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. காலையில் ஆயில் மெதுவாக வந்தால் அதுவரை செயின் தளர்வாக அடித்துக்கொண்டிருக்கும்.

கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. சில கையேடுகளில் வெளி வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று கிரேடுகளைக் கட்டமாகப் போட்டிருப்பார்கள். அதில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் இருந்தால், வாடகைக்கு ஓட்டுகிறவரும், அடிக்கடி முழுச் சுமையோடு மலை ஏறுகிறவரும் 40-ஐ எடுப்பதுதான் சரி என்பேன். கிலோமீட்டர் நிறைய ஓடி ஆயில் குடிக்கிற பழைய வண்டிக்கும் அப்படியே. கையேடு அனுமதிக்கிற எல்லைக்குள்தான் இந்த விளையாட்டெல்லாம். கட்டத்தில் இல்லாத 20டபிள்யூ-50-ஐ, புகை குறையும் என்று யாரோ சொன்னதற்காக ஊற்றினால் புகைக்கான காரணம் அப்படியே இருக்கும், கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இடையில் ஒன்று. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஆயில் சம்பந்தமில்லாத விஷயம், ஆனாலும் செய்யாதீர்கள். மேடு ஏறி முடித்து நிறுத்தும்போது மட்டும் இன்ஜினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கொதிக்கிற டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால், அங்கே தேங்கின ஆயில் கருகிப் படியும்.

எண்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள்

கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியமான பகுதி. அங்கே பெரும்பாலும் ஏபிஐ, ஏசிஇஏ என்ற இரண்டு பெயர்கள் இருக்கும்.

ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு கொடுக்கும் தரம். அதில் 'எஸ்' எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, 'சி' எழுத்தில் தொடங்கினால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேற புதிய தரம். சிஎச்-4 1998-ல் வந்தது, சிஐ-4 2002-ல், சிகே-4 2016 கடைசியில். சிகே-4 ஆயிலை சிஐ-4 கேட்கிற வண்டிக்கு ஊற்றலாம். திருப்பிச் செய்யக் கூடாது. எஃப்ஏ-4 என்று இன்னொன்று இருக்கிறது, அது புதிய ரக லாரி இன்ஜின்கள் சிலவற்றுக்கான மெல்லிய ஆயில். அதைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். கேனில் 'எஸ்என்', 'எஸ்பி' மட்டும் இருந்து 'சி'யும் இல்லை, ஏசிஇஏ டீசல் குறியீடும் இல்லை என்றால் அது பெட்ரோல் வண்டி ஆயில். டீசல் கரியைச் சமாளிக்கிற அளவுக்கு அதில் மருந்து (ஆயிலில் கலக்கும் ரசாயனச் சேர்மானம்) இருக்கும் என்று நம்ப முடியாது. சிஎஃப் என்று மட்டும் போட்ட மலிவு ஆயில் சில கடைகளில் தூசி படிந்து நிற்கும். வழக்கொழிந்த தரம் அது.

ஏசிஇஏ ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம். கார் டீசலுக்கு இவர்கள் வகுத்த தரம் இன்னும் நுணுக்கமானது, அதனால் கார் கையேடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். ஏ3/பி4 என்றால் புகை வடிகட்டி இல்லாத பழைய வகை கார்களுக்கு. சி2, சி3, சி5 என்று வந்தால் வடிகட்டி உள்ளவற்றுக்கு. முன்பு சொன்ன 150 டிகிரி சோதனை இதற்குள்தான் இருக்கிறது. சி3 ஆயில் அதில் குறைந்தது 3.5 எடுக்க வேண்டும், சி2-க்கு 2.9 போதும். ஆக, கேனில் 5டபிள்யூ-30 என்றே இருக்கும் இரண்டு ஆயில்களில், சி3 எழுதியது மலையில் தடிமனான படலம் கொடுக்கும், சி2 எழுதியது மைலேஜுக்குச் சாதகமாக இருக்கும். எண் ஒன்றுதான், நடத்தை வேறு.

சில கம்பெனிகள் இதற்கும் மேலே தங்களுக்கென்று தனித் தரம் வைத்திருக்கும். வோக்ஸ்வேகனின் 507 00, மெர்சிடிஸின் 229.51 இவையெல்லாம் அந்த வகை. உங்கள் கையேட்டில் இப்படி ஒரு எண் இருந்தால் அதே எண் கேனிலும் இருக்க வேண்டும். இங்கே ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. அந்தக் கார் கம்பெனியிடம் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய ஆயில் ஒரு வகை. "இந்தத் தரத்துக்கு ஏற்றது" என்று ஆயில் கம்பெனி தானே எழுதிக்கொண்டது இன்னொரு வகை. இரண்டாவது மோசம் என்று அர்த்தமில்லை. வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் நான் முதல் வகையைத்தான் எடுப்பேன்.

கார் கம்பெனிப் பெயரிலேயே வரும் ஆயில்கள் உண்டு. மாருதியின் எக்ஸ்டார், மஹிந்திராவின் மேக்ஸிமைல் எல்லாம் அப்படி. குழப்பமே வேண்டாம் என்பவர் அதையே தன் மாடலுக்குச் சரியான வகையாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால், பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்

2017 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுக்க பிஎஸ்-4. 2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ்-6. இந்த மாற்றத்தில் டீசலில் இருக்கிற கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதோடு டீசல் கார்களின் சைலன்சர் குழாய் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி வந்து உட்கார்ந்தது. ஆயில் தேர்வில் இதுவரை இருந்த கணக்கையெல்லாம் அந்த வடிகட்டி மாற்றிவிட்டது.

டிபிஎஃப்புக்குள் தேன்கூடு போல நுண்ணிய பீங்கான் துளைகள் இருக்கும். புகையிலுள்ள கரித்துகள் அதில் சிக்கிக்கொள்ளும். கரி சேர்ந்ததும் வண்டியின் கம்ப்யூட்டரே கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியை 600 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். ரீஜெனரேஷன் என்பது இதுதான். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் ஆயிலிலிருந்துதான் வருகிறது.

எல்லா இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் ஆயில் எரிவது இயல்பு. ஆயிலில் அழுக்கைக் கழுவுவதற்காகக் கலந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் எல்லாம் உலோகங்கள். ஆயில் எரிந்தாலும் அவை சாம்பலாக நின்றுவிடும். வடிகட்டித் துளைகளில் உட்கார்ந்தால் எத்தனை ரீஜெனரேஷன் நடந்தாலும் போகாது. வடிகட்டி சீக்கிரம் அடைத்து, வண்டி இழுவை குறைந்து, எச்சரிக்கை விளக்கு எரியும். புதிய டிபிஎஃப் விலையைச் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், ஆயிலில் மிச்சம் பிடித்த பணம் அதற்கு எந்த மூலைக்கு என்று தெரியும்.

இதற்காகத்தான் சி2, சி3, சி5 ஆயில்களில் சாம்பல் அளவை 0.8 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சி4-ல் 0.5-க்குள். ஏ3/பி4 ஆயிலில் இது 1 சதவீதத்தைத் தாண்டிப் போகலாம். லாரிக்கு ஊற்றும் சிஐ-4 ஆயிலும் அப்படியே. அந்த 15டபிள்யூ-40 கேனைப் பிஎஸ்-6 காரில் ஊற்றினால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது, அடுத்த மாதமும் நடக்காது. வண்டி அருமையாக ஓடும். "போட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சாம்பல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் மெதுவாகத்தான் சேரும்.

தலைகீழாக, பிஎஸ்-4 காருக்கு சி3 ஆயில் போட்டால்? கிரேடு பொருந்தினால் கெடுதல் இல்லை, தேவைக்கு மேல் செலவு. பழைய காருக்கு ஏ3/பி4-ஓ கையேடு சொல்கிற சிஎச்-4, சிஐ-4-ஓ தாராளமாகப் போதும்.

பிஎஸ்-6-ல் இன்னொரு சங்கதி இருக்கிறது. கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓடினால் ரீஜெனரேஷன் முழுதாக முடியும். வீட்டிலிருந்து தர்மபுரி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து நாலு ரோடு, அப்புறம் வீடு என்று தினமும் குட்டிக் குட்டியாக ஓட்டினால் பாதியிலேயே இன்ஜின் அணைந்துவிடும். அடுத்த முறை மறுபடி தொடக்கத்திலிருந்து, மறுபடி டீசல். நாளடைவில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும், முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். "என் வண்டி ஆயிலே குடிக்காது, கூடத்தான் செய்யுது" என்று சந்தோஷப்படாதீர்கள். இளகிப்போன அந்த ஆயிலால் படலம் பிடிக்க முடியாது, உடனே மாற்ற வேண்டும். டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் அவ்வப்போது கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையிலோ சேலம் சாலையிலோ ஒரே சீராக இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு வருவது வடிகட்டிக்கும் நல்லது, ஆயிலுக்கும் நல்லது.

சில வண்டிகளில் நீல மூடி போட்ட தனித் தொட்டியில் டெஃப் திரவம் ஊற்றுவார்கள். அது புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க. ஆயிலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மினரலா, சிந்தடிக்கா

இதற்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்த அடிப்படை எண்ணெய். சிந்தடிக் என்பது அதன் மூலக்கூறுகளை ரசாயன முறையில் மாற்றிச் சீராக்கியது, அல்லது முழுக்கவே செயற்கையாகக் கட்டியது. செமி சிந்தடிக் இரண்டும் கலந்தது, எந்த விகிதத்தில் என்று கேனில் இருக்காது. சிந்தடிக் சூட்டில் சீக்கிரம் கெடாது, குளிரில் அதிகம் இறுகாது, ஆவியாகிக் குறைவதும் கம்மி.

5டபிள்யூ-30, சி3 என்று உங்கள் கையேடு சொன்னால், அந்தத் தரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிந்தடிக்தான், தேர்வு முடிந்தது. 15டபிள்யூ-40, சிஎச்-4 கேட்கிற பழைய பொலேரோ மாதிரி வண்டிக்கு நல்ல மினரல் ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றினால் போதும். விலை உயர்ந்த சிந்தடிக் ஊற்றிவிட்டு, "சிந்தடிக்தானே" என்று இரண்டு மடங்கு கிலோமீட்டர் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். சிந்தடிக் போட்டால் பழைய இன்ஜினில் கசியும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஏற்கெனவே காய்ந்து விரிந்த சீல், கசடு அடைத்துக்கொண்டதால் கசியாமல் இருந்திருக்கும். ஆயில் கசடைக் கழுவினதும் அது வெளியே தெரிகிறது. சீலை மாற்றினால் முடிந்தது. ஆயிலில் தனியாகக் கலக்கச் சொல்லி விற்கும் சின்ன பாட்டில் மருந்துகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தேவையான மருந்தெல்லாம் கேனுக்குள்ளேயே அளவாகக் கலந்திருக்கிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை

பல டீசல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. சில மாடல்களுக்கு இதைவிட அதிகம். வருடக் கணக்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விசேஷத்துக்கு மட்டும் ஷெட்டிலிருந்து எடுக்கிற வண்டி 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் வருடம் ஆனால் மாற்ற வேண்டும். ஈரமும் அமிலமும் நிற்கிற வண்டியில்தான் அதிகம் சேரும்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். தூசி நிறைந்த சாலை, அதிகச் சுமை, மலைப்பாதை, குறுகிய தூர ஓட்டம் இவற்றுக்கெல்லாம் சீக்கிரமே மாற்றச் சொல்லும். நம் மாவட்டங்களில் இது நிறைய பேருக்குப் பொருந்தும். கல்குவாரி இருக்கிற ஊர், மண் ரோட்டில் இருக்கிற தோட்டம், மாங்காய் சீசனில் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு காவேரிப்பட்டணம் போகிற வண்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அப்படிப்பட்டவர்கள் ஆயிலோடு ஏர் ஃபில்டரையும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகப் போகும் கல்தூசியை எந்த ஆயிலும் தடுக்காது.

டீசல் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். அது கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை, கரியை வாங்கிக்கொள்கிற வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். விரலால் தொட்டு, உருட்டிப் பார்த்து ஆயிலின் ஆயுளைச் சொல்லிவிட முடியாது, எத்தனை அனுபவமுள்ள கையாக இருந்தாலும். ஆனால் மோர் மாதிரி வெளுத்துக் கலங்கி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து அணைத்த பின் ஐந்து பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுக்கவும். இரண்டு கோட்டுக்கு நடுவே இருந்தால் சரி. மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமான ஆயிலை கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். டீசல் இன்ஜினில் அது காற்றுவழியில் போய்ச் சேர்ந்தால் ஆயிலையே எரிபொருளாக எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் உறுமுகிற ஆபத்துகூட உண்டு.

நடுவழியில் ஆயில் குறைந்து, சரியான வகை கிடைக்கவில்லை என்றால்? கிடைக்கிற நல்ல டீசல் ஆயிலைக் கோடு வரை ஊற்றி ஊர் போய்ச் சேருங்கள். பிஎஸ்-6 காராக இருந்தாலும் ஒரு அரை லிட்டரால் வடிகட்டி போய்விடாது. ஆயில் இல்லாமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும். வந்ததும் சீக்கிரம் முழுசாக மாற்றிவிடலாம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி அணைக்க வேண்டும்.

கடையில்

போகும்போது கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கையேடு இல்லாத செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கம்பெனி இணையதளத்தில் அதே மாடல், அதே வருடத்துக்கானதை இறக்கிக்கொள்ளலாம். எத்தனை லிட்டர் என்பதும் அதில் இருக்கும். மேலே சொன்ன 1.3 லிட்டர் டீசலுக்கு மூன்று லிட்டரை ஒட்டிப் போதும். பெரிய இன்ஜின்களுக்கு இதைப்போல இரண்டு மடங்குகூடப் பிடிக்கும். கேன் அளவைப் பார்த்து வாங்கினால் மிஞ்சுவதைத் தவிர்க்கலாம்.

பேரலில் இருந்து பிடித்துத் தரும் லூஸ் ஆயில் காருக்கு வேண்டவே வேண்டாம். பேரலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கேன் ஆயிலிலும் போலி உண்டு. அதனால் அந்தக் கம்பெனியின் டீலர் கடை, பெட்ரோல் பங்க், சர்வீஸ் சென்டர் என்று நம்பகமான இடத்தில் பில்லோடு வாங்குங்கள். மூடிக்குக் கீழே சீல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் தெளிவாக இருக்கிறதா, ஸ்கேன் செய்ய க்யூஆர் கோடு இருந்தால் அது என்ன காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். மெக்கானிக் ஷெட்டில் உங்கள் முன்னால் சீல் உடைத்து ஊற்றச் சொல்வதில் தப்பில்லை, நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். காலிக் கேனைக் கையோடு கிழித்துப் போடச் சொல்லுங்கள். முழுசான காலிக் கேன்தான் போலி ஆயிலுக்கு வீடு.

ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். "இந்தத் தடவை ஆயில் மட்டும் போதும்ணா" என்று மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. பழைய ஃபில்டரில் தங்கியிருக்கும் கறுப்பு ஆயில் புதியதோடு கலந்துவிடும். டிரெயின் போல்ட் வாஷரும் புதிதாக இருக்கட்டும், சில ரூபாய்தான்.

வடித்தெடுத்த பழைய ஆயிலைச் சட்டம் அபாயகரமான கழிவு என்றே சொல்கிறது. வேலிக் கம்பத்துக்குப் பூசலாம், கரையான் வராது என்று வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருக்கும் உலோகங்கள் மழையில் கரைந்து கிணற்றுப் பக்கம் போகும். ஷெட்டிலேயே சேகரித்து, பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கிற இடமாகப் பார்த்து விடுங்கள்.

புதிய ஆயிலில் அரை லிட்டர் மிஞ்சினால் மூடியை இறுக்கி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். கேன் மேல் மார்க்கரில் மாற்றிய தேதியும் அன்றைய கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். வழியில் டாப்-அப் செய்ய அதே ஆயில் கையில் இருக்கும். வேறு ஊரில் வேறு மெக்கானிக் "இதுல என்ன ஆயில் ஓடுதுங்க?" என்று கேட்டால் கேனையே காட்டிவிடலாம்.